வெயிலுக்கு முன்னே நட, தாகத்துக்கு முன்னே குடி

பங்குனி, சித்திரைப் பருவகால ஆலோசனை: பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பாதயாத்திரைக் குழுக்களுக்கும் பயணிகளுக்கும்

மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியும் சாலையில் தென்படத் தொடங்கிவிட்டன. சமயபுரம் மாரியம்மனுக்குச் சித்திரை முதல் செவ்வாய்க்கிழமை தேர். அதற்குள் போய்ச் சேர, குன்னம், வேப்பந்தட்டைப் பக்கமிருந்தும் செந்துறை, திருமானூர்ப் பக்கமிருந்தும் ஊர் ஊராகக் குழு கட்டி நடக்கிறார்கள். பெரம்பலூரிலிருந்து திருச்சி நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். நிழல் தரும் மரம் குறைவு. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கரிசல் காடு. கோடை விடுமுறைக்காகவும் குலதெய்வ வழிபாட்டுக்காகவும் பேருந்திலும் ரயிலிலும் கிளம்புகிறவர்களுக்கும் இதே வெயில்தான்.

இந்தப் பயணத்துக்கு என்ன சாப்பிடலாம் என்று வேறெங்கும் தேட வேண்டாம். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் சமயபுரத்து அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, இவைதான். கோடையில் இனிப்பும் குளிர்ச்சியும் நீர்த்தன்மையும் உள்ள உணவை எடு, உப்பு, புளிப்பு, காரத்தைக் குறை என்று ஆயுர்வேதத்தின் பருவ ஒழுக்கமும் சொல்கிறது. அம்மனுக்குப் படைப்பதை நாமும் வழியில் பின்பற்றினால் போதும்.

உடம்புக்குள் நடப்பது

ஏட்டுக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். நம் மண்ணிலோ பங்குனியிலேயே முதுவேனிலின் குணம் தெரிந்துவிடும். கோடையில் உடல் பலமும் பசித்தீயும் குறையும், வாதம் சேரத் தொடங்கும் என்பது ஆயுர்வேதக் கணிப்பு. நெடுநேர நடை, இரவு விழிப்பு, வேளை தப்பிய சாப்பாடு, வறண்ட காற்று ஆகிய நான்கும் வாதத்தை ஏற்றுபவை. பாதயாத்திரையில் நான்கும் ஒன்றாக வருகின்றன. மலச்சிக்கல், மூட்டு வலி, கெண்டைக்கால் பிடிப்பு, தூக்கமின்மை எல்லாம் இதன் அடையாளங்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள்

நடையைப் பழக்குங்கள். நேர்த்திக்கடன் நாளன்றுதான் முதல்முறையாக 20 கிலோமீட்டர் நடப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். விடியற்காலையில் தினமும் 3, 4 கிலோமீட்டர் நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஆயுர்வேதம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. நெற்றி, மூக்கு, அக்குளில் வியர்வை அரும்பி, வாய் உலர ஆரம்பித்தால் உங்கள் பலத்தில் பாதி செலவாகிவிட்டது என்று பொருள். கோடையில் அந்த எல்லையைத் தொடும் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும்.

எண்ணெய்க் குளியலைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலையக் கூடாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கட்டுப்பாடு. இரவில் மலச்சிக்கலுக்குத் திரிபலா எடுப்பதானால் அளவை அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் வயிற்றுப்போக்கு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

நடக்கும் நாளில்

அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டு 9 மணிக்குள் நிழல் தேடுங்கள். மாலை 5 மணிக்கு மேல் மீண்டும் நடக்கலாம். இடைப்பட்ட நேரம் சத்திரத்திலோ மண்டபத்திலோ படுங்கள். பகல் தூக்கத்தை மற்றப் பருவங்களில் விலக்கும் ஆயுர்வேதம், கோடையில் மட்டும் அதற்கு இடம் கொடுக்கிறது.

இருட்டில் நடக்கும்போது வண்டி எதிரே வரும் பக்கமாக, சாலையை விட்டு விலகி, ஒற்றை வரிசையில் செல்லுங்கள். முதுகிலும் பையிலும் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் லாரிகள் இரவு முழுக்க ஓடுகின்றன. தூசிக்கு ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொள்ளலாம்.

காலை உணவுக்குப் பழைய சோறும் நம் ஊர்ச் சின்ன வெங்காயமும் நல்லது. முதல் நாள் இரவு ஊறவைத்த சோற்றை அதிகாலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். தூக்குவாளியில் அடைத்து மதியம்வரை வெயிலில் சுமந்தால் கெட்டுவிடும். புளியோதரையும் எண்ணெயில் பொரித்த பலகாரமும் தாகத்தைக் கூட்டும், இந்த முறை வேண்டாம். இரவில் தயிர் சேர்க்காதீர்கள்.

பானகம்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 100 கிராம் வெல்லம் கரைத்து வடிகட்டி, அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், தட்டிய ஏலக்காய் இரண்டு, ஒரு எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை நோயாளிகளுக்குப் பானகம் வேண்டாம், நீர்மோர் போதும்.

நீர்மோர்: ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், அளவாக உப்பு. பந்தல் வைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காய்ச்சாத தண்ணீரும் கடையில் வாங்கிய ஐஸ் கட்டியும் சேர்க்காதீர்கள். மண்பானையும் ஈரத்துணியுமே போதிய குளிர்ச்சி தரும். ஒரே குவளையை வாளித் தண்ணீரில் முக்கி அடுத்தவருக்கு நீட்டும் வழக்கத்தையும் இந்த ஆண்டோடு விடுவோம்.

பாதம்

சிறுவாச்சூர் தாண்டிப் பாடாலூரை நெருங்கும்போது முற்பகலில் பாருங்கள். வெறுங்காலோடு வருகிறவர்கள் தாரை விட்டு விலகி, ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே அடி வைத்து வருவார்கள். அந்த நான்கு விரற்கடைப் பட்டைதான் சாலையிலேயே சற்றுச் சூடு குறைந்த இடம். அதிலும் இடமில்லாதபோது குதிகாலை ஊன்றாமல் விரல் நுனியில் ஓடுவார்கள். அதற்குள் கொப்புளம் எழுந்திருக்கும்.

வேண்டுதல் வெறுங்கால் நடை என்றால் தார் சுடுமுன் முடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுவதே தெரியாது. அவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. கொப்புளத்தைக் கிள்ளாமல் சுத்தமான துணியால் கட்டுங்கள்.

தங்குமிடத்தில் கால் கழுவித் துடைத்து, இளஞ்சூட்டில் நல்லெண்ணெயை உள்ளங்காலிலும் கெண்டைக்காலிலும் பத்து நிமிடம் தேயுங்கள். புண் உள்ள இடத்தில் மட்டும் வேண்டாம். பாதத்தின் வறட்சியும் மரப்பும் களைப்பும் இதனால் நீங்கும் என்கிறது சரக சம்ஹிதை. எழுந்து நடக்குமுன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், வழுக்கும்.

பேருந்தில் போகிறவர்களுக்கு

பெரம்பலூருக்கு ரயில் இல்லை. சென்னைக்குப் பேருந்தில் ஐந்தாறு மணி நேரம். வழியில் கழிப்பறை சரியிருக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் ஏறும் அம்மாக்களும் அக்காக்களும் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. சிறுநீர், மலம், தாகம், தூக்கம் முதலான இயற்கை வேகங்கள் பதின்மூன்றை அடக்கக் கூடாது என்று சரகர் தனி அத்தியாயமே வகுத்திருக்கிறார். சித்த மருத்துவம் பதினான்கு என்று எண்ணும். தாகத்தையும் சிறுநீரையும் சேர்த்து அடக்கினால் நீர்க்கடுப்பும் தலைவலியும் தொடரும். சீரகத் தண்ணீரோ வெட்டிவேர் ஊறிய தண்ணீரோ ஒரு பாட்டில் கையில் வைத்து, வாய் நனைய அடிக்கடி குடியுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் கூச்சப்படாமல் இறங்குங்கள். வெயிலில் வந்து இறங்கியதும் ஐஸ் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் கை வைத்தியம் கூடாது

பேச்சுக் குழறல், மனக் குழப்பம், மயக்கம், வலிப்பு, தொட்டால் அனலாய்க் கொதிக்கும் உடம்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது வெப்பத் தாக்கு. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதய மாத்திரைகளை விரதத்துக்காக நிறுத்த வேண்டாம். மூலிகைப் பொடி அவற்றுக்கு மாற்று அல்ல. சிறுநீரக நோயாளிகள் இளநீர் குடிக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் குழுவில் வயதான அம்மாவோ சிறுபிள்ளையோ இருந்தால் அவர்களைப் பின்னால் விட்டு முந்திப் போகாதீர்கள். அவர்களை முன் வரிசையில் நடக்கவிடுங்கள். அவர்கள் உட்காரும் இடத்தில் எல்லோரும் உட்காருங்கள்.