ஆடுற மூட்டுக்கு ஆணி மருந்தல்ல



போன மழைக்காலத்தில் நம்ம கூட்டமைப்பு அலுவலகத்துப் பழைய மர ஸ்டூல் ஆட ஆரம்பித்தது. "ரெண்டு ஆணி அடிச்சா சரியாயிடும்" என்று நாங்களே சுத்தியலை எடுத்தோம். மூணு மாசம் தாங்கியது. ஒருநாள் அலமாரி மேலிருந்த பதிவேட்டை எடுக்க உறுப்பினர் ஒருவர் அதில் ஏறினார். ஆணி அடித்த இடத்திலேயே ஸ்டூல் பிளந்தது. விழுந்தவருக்கு மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் கட்டு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஆறு வாரம் என்றால் என்ன என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தப்பு எங்களுடையது. அதனால் பக்கத்து ஊர் ஆசாரியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டோம். அதுவே இந்த மாதப் பாடம்.

மூட்டு ஏன் ஆடுகிறது?

கையால் செய்த ஸ்டூல், நாற்காலிகளில் குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்கு மாதிரிச் செதுக்கி, காலில் உள்ள துளையில் பசை போட்டு நுழைத்திருப்பார்கள். மரம் மழையில் ஈரம் இழுத்து உப்பும். வெயிலில் காய்ந்து சுருங்கும். நீளவாக்கில் இது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் அதிகம். வருஷா வருஷம் இப்படி நடந்து பசை விட்டுப்போகிறது. தரையில் இழுப்பதும், பின்னால் சாய்ந்து இரண்டு காலில் உட்காருவதும் மிச்சத்தை முடித்துவிடும்.

ஆணி அடித்தால் ஆட்டம் நிற்காது. நார் பிளக்கும், ஆணி துருப்பிடிக்கும், பிறகு மூட்டைக் கழற்றவும் முடியாது.

எப்படிச் சரிசெய்வது?

1. ஸ்டூலைக் கவிழ்த்து ஒவ்வொரு மூட்டாக அசைத்துப் பாருங்கள். ஆடுகிற மூட்டில் இரண்டு பக்கமும் சாக்பீஸால் ஒரே எண் போடுங்கள். உறுதியான மூட்டைத் தொட வேண்டாம்.

2. ஆணி இருந்தால் குறடால் பிடுங்குங்கள். மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டிக் கழற்றுங்கள். வரவில்லையா? வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். பழைய வச்சிரப் பசை இளகும். பிறகு ஈரத்தை நிழலில் நன்றாக உலரவிடுங்கள்.

3. பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். இதுதான் முக்கியம். புதுப் பசை மரத்தில் ஊறினால்தான் பிடிக்கும். பழைய பசை மேல் போட்டால் உரிந்துவிடும். மரத்தைச் செதுக்கிவிடாதீர்கள்.

4. பசை போடாமல் பொருத்திப் பாருங்கள். கையால் அழுத்தினால் இறுக்கமாக இறங்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் நாக்கின் மேல் மெல்லிய மரச்சீவலை ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து அளவாக்குங்கள். பசையில் மரத்தூளைக் குழைத்து இடைவெளியை அடைத்தால் நிற்காது.

5. நாக்கு, துளை இரண்டிலும் ஃபெவிகால் தடவி நுழையுங்கள். இரண்டு கால்களையும் சேர்த்துக் கயிறு கட்டி, நடுவில் குச்சி செருகி முறுக்குங்கள். கயிற்றுக்கு அடியில் துணி வையுங்கள். வழிகிற பசையை ஈரத்துணியால் துடையுங்கள். சமதரையில் நிறுத்தி நாலு காலும் படிகிறதா என்று பசை காய்வதற்குள் பாருங்கள். ஒரு நாள் முழுக்க யாரும் உட்காரக் கூடாது.

எதை நாம் செய்யக் கூடாது?

கால் பிளந்திருந்தால், நாக்கு ஒடிந்திருந்தால், கரையான் அரித்திருந்தால் ஆசாரியிடம் கொடுங்கள். ஏணி, குழந்தைத் தொட்டில் இவற்றில் சோதனை வேண்டவே வேண்டாம்.

எங்கள் ஸ்டூலுக்கு ஆசாரி புதுக் கால் போட்டார். மற்ற மூட்டுகளை நாங்கள் ஒட்டினோம். கயிற்றை முறுக்கியது யார் தெரியுமா? கை குணமான அதே உறுப்பினர்தான்! "இனி ஏறுறதுக்கு முன்னாடி ஆட்டிப் பாப்பேன்" என்றார். நாமும் அப்படியே செய்வோம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

- நம் வீட்டிலும் அங்கன்வாடியிலும் ஆடுகிற மரச்சாமான்கள் எத்தனை?
- அவற்றில் நாமே சரிசெய்யக் கூடியவை எவை? ஆசாரிக்குப் போக வேண்டியவை எவை?
- கயிறு, குறடு, பசை எல்லாம் குழுவுக்குப் பொதுவாக வாங்கி வைக்கலாமா?