பட்டத்தின் பெயரும் பாடத்தின் சம்பளமும்

அன்பு மருமகளுக்கு,

சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் காக்னிட்டிவ் சயின்ஸ் (மனமும் மூளையும் இயங்கும் விதத்தைப் பற்றிய படிப்பு) படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று அக்கா சொன்னாள். மனம் நிறைந்த வாழ்த்து. போட்ட பணம் திரும்புமா என்று உன் அப்பா கேட்கிறாராம். கேட்க வேண்டிய கேள்விதான். படிப்பின் மேல் உள்ள ஆசையை அது குறைத்துவிடும் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த மாமா பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறார்.

இந்தப் படிப்புக்கென்று உலகிலேயே முதன்முதலாகத் தனித்துறை தொடங்கியது அந்தப் பல்கலைக்கழகம்தான். ஆண்டு 1986. துறையின் முதல் தலைவர் டொனால்டு நார்மன். இழுக்க வேண்டிய கதவை மனிதர்கள் ஏன் தள்ளுகிறார்கள், அடுப்பின் எந்தத் திருகு எந்தப் பர்னருக்கு என்று ஏன் குழம்புகிறார்கள் என்பதையெல்லாம் ஆராய்ந்தவர் அவர். தவறு மனிதரிடம் இல்லை, பொருளை வடிவமைத்த விதத்தில் இருக்கிறது என்று 1988-இல் புத்தகமே எழுதினார். 1993-இல் ஆப்பிள் நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. இன்று யூஎக்ஸ் (பயனர் அனுபவம்) என்ற பெயரில் இருக்கும் ஆயிரக்கணக்கான வேலைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு வேரும் அதே வளாகத்தில் உண்டு. கேம்பிரிட்ஜில் உளவியல் படித்து 1970-இல் பட்டம் பெற்ற ஜெஃப்ரி ஹிண்டன், முனைவர் பட்டத்துக்குப் பிறகு சான் டியாகோவுக்கு வந்து டேவிட் ரூமெல்ஹார்ட்டோடு சேர்ந்தார். நரம்பு வலையமைப்பைக் கணினியில் பயிற்றுவிக்கும் முறையைப் பற்றி அவர்கள் ரொனால்டு வில்லியம்ஸோடு எழுதிய கட்டுரை 1986-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவின் அடித்தளங்களில் அது ஒன்று. பணம் வந்தது எப்போது தெரியுமா? ஹிண்டனும் அவருடைய இரண்டு மாணவர்களும் தொடங்கிய சின்ன நிறுவனத்தை 2013-இல் கூகுள் வாங்கியது. பேசப்பட்ட விலை 4 கோடியே 40 லட்சம் டாலர். அப்போது ஹிண்டனுக்கு வயது 65. நோபல் பரிசு 2024-இல் கிடைத்தது. நடுவில் பல ஆண்டுகள் நரம்பு வலையமைப்பு ஆய்வை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

ஸ்டான்ஃபோர்டில் இதே படிப்பு ‘சிம்பாலிக் சிஸ்டம்ஸ்’ என்ற பெயரில் நடக்கிறது. லிங்க்ட்இன்னைத் தொடங்கிய ரீட் ஹாஃப்மன், கூகுளின் 20-ஆவது ஊழியராகச் சேர்ந்து பின்னாளில் யாஹூவின் தலைமைக்கு வந்த மரிசா மேயர் இருவரும் அங்கே படித்தவர்கள். லிங்க்ட்இன்னை 2016-இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. கல்லூரிகள் இந்தப் பெயர்களைத்தான் முன்னால் நிறுத்தும். அவர்களை வைத்து யாரும் குடும்பக் கணக்குப் போட முடியாது. மேயர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவர் அதோடு நிற்கவில்லை. முதுகலையைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் எடுத்தார்.

சம்பளத்துக்கு வருவோம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் ஒவ்வொரு தொழிலுக்கும் இடைநிலை ஆண்டுச் சம்பளத்தை வெளியிடுகிறது. அதாவது, பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். 2023 மே கணக்குப்படி மென்பொருள் உருவாக்குநருக்கு 1,32,270 டாலர். இணையதளங்களின் இடைமுகத்தை வடிவமைப்பவருக்கு 98,540. உளவியலாளருக்கு 92,740. காக்னிட்டிவ் சயின்ஸ் முடித்தவர்கள் இந்த மூன்று வாசலிலும் நிற்கிறார்கள். ஆனால் மூன்றாவது வாசலில் நுழைய இளங்கலை போதாது. பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும், கூடவே உரிமமும் வேண்டும். நாலு வருடம் படித்துவிட்டு உளவியலாளர் சம்பளம் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

வி. எஸ். ராமச்சந்திரனைப் படித்துத்தான் மூளை மேல் உனக்கு ஆர்வம் வந்தது என்பது மாமாவுக்குத் தெரியும். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலிக்கும் வேதனையை ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்துத் தணித்துக் காட்டியவர், அதே சான் டியாகோவில் உளவியல் துறைப் பேராசிரியர். அவர் முதலில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். அந்தப் பாதை அழகானது, நீளமானது. அதில் போக நினைத்தால் இளங்கலைக்கு வாங்கும் கடன் மிகச் சிறியதாக இருக்க வேண்டும்.

சான் டியாகோவில் இந்தப் பட்டத்துக்குள்ளேயே தனிப் பிரிவுகள் உண்டு: இயந்திரக் கற்றல், வடிவமைப்பு, நரம்பியல், மொழியும் பண்பாடும், மருத்துவம் சார்ந்த பிரிவு. சான்றிதழில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரே பெயர்தான். வேலைக்கு எடுப்பவர் பார்ப்பது புரோகிராமிங் எழுதத் தெரியுமா, புள்ளியியல் தெரியுமா, ஒரு சோதனையைத் தானே வடிவமைத்து முடித்த அனுபவம் உண்டா என்பதைத்தான். டேட்டா சயின்ஸ், இயந்திரக் கற்றல், இடைவினை வடிவமைப்பு என்று அங்கே நல்ல பாடங்கள் இருக்கின்றன. அவற்றைத் தவிர்த்துவிட்டும் பட்டம் வாங்கலாம். அந்தப் பட்டத்துக்குச் சந்தையில் விலை குறைவு. சேர்ந்த பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். அங்கே அதற்கு இடங்கள் வரையறுக்கப்பட்டவை, போட்டி கடுமை.

யூஎக்ஸ் ஆராய்ச்சி வேலை எப்போதும் நிலையானது என்று சொல்ல முடியாது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் குறைத்தபோது அந்தப் பிரிவில் இருந்தவர்களும் வேலை இழந்தார்கள்.

இப்போது செலவு. 2025-26-இல் சேரும் வெளிநாட்டு மாணவருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொதுக் கட்டணம் ஆண்டுக்கு 52,536 டாலர். அந்த மாநிலத்தவர் கட்டுவது 14,934 மட்டும். நாலு வருடத்துக்கு 2,10,144 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலே ஏறத்தாழ 1 கோடியே 79 லட்சம் ரூபாய். வாடகை, சாப்பாடு, காப்பீடு இதில் சேரவில்லை. அமெரிக்கக் கல்வித் துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ கல்லூரிவாரியாக, பாடவாரியாக வருமானத்தைக் காட்டும். பார்க்கலாம், ஆனால் அதில் இருப்பவர்கள் அரசின் கல்வி உதவி பெற்ற மாணவர்கள். வெளிநாட்டு மாணவர் கணக்கு அதில் கிடையாது. அவர்களுக்கு விசா என்ற தடை வேறு: படிப்பு முடிந்ததும் 12 மாதம் வேலை செய்யலாம், இந்தப் படிப்பு அறிவியல்-தொழில்நுட்பப் பட்டியலில் இருப்பதால் மேலும் 24 மாதம். அதற்குப் பின் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல்.

அதனால் மாமாவின் கருத்து இது. கணிசமான உதவித்தொகை கிடைத்தால் போ. இயந்திரக் கற்றல் பிரிவையோ வடிவமைப்புப் பிரிவையோ எடு. இரண்டாம் ஆண்டிலிருந்தே ஏதாவது ஓர் ஆய்வகத்தில் வேலை கேள். வீட்டை அடமானம் வைத்துத்தான் போக முடியும் என்றால் இளங்கலைக்குப் போகாதே. இங்கேயே கணினியியலோ புள்ளியியலோ படி. காந்திநகர் ஐஐடியிலும் டெல்லி ஐஐடியிலும் காக்னிட்டிவ் சயின்ஸில் எம்எஸ்சி இருக்கிறது. அதற்குப் பிறகு உதவித்தொகையோடு வெளிநாட்டுக்கு முனைவர் படிப்புக்குப் போகும் வழியும் திறந்தே இருக்கிறது. ஆர்வம் அதுவரை தாங்கும், உன்னை மாமாவுக்குத் தெரியும்.

சம்மதம் சொல்ல மே 1 கடைசி நாள். அதற்குள் உதவித்தொகைக் கடிதத்தையும், முதல் இரண்டு ஆண்டில் எடுக்க நினைக்கும் பாடங்களின் பட்டியலையும் அனுப்பு. அப்பாவையும் வைத்துக்கொண்டு மூவருமாகப் பேசுவோம்.

அன்புடன்,
மாமா