மொட்டை மாடியே போதும்

கேள்வி: ஹாம் ரேடியோ உரிமம் கிடைத்துவிட்டது. கோபுரம் எழுப்ப வசதியில்லை. மொட்டை மாடியிலிருந்தே தூர ஊர்களோடு பேச முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாக முடியும். 40 மீட்டர் அலைவரிசையில் தொடங்குங்கள். இதற்கு வேண்டியது ஒரு டைபோல் ஆன்டெனாதான். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர். நடுவில் வெட்டினால் பக்கத்துக்குப் பத்து.

மாடி நடுவில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் கேபிளை இணைத்து, இரு கைகளையும் கூரைச் சரிவுபோல இறக்கிக் கட்டுங்கள். கைகளுக்கு இடையிலான கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது. இந்த அமைப்பு 50 ஓம் கேபிளுக்கும் நன்றாகப் பொருந்தும். கம்பியை முதலில் சற்று நீளமாகவே விட்டு, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துக்கொண்டே நுனிகளைச் சமமாகக் குறையுங்கள். அளவு 1.5க்குக் கீழே வந்தால் போதும். பகலில் சில நூறு கிலோமீட்டர் எட்டும். இரவில் கடல் கடந்தும் குரல் போகும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் அலட்சியம் வேண்டாம். கம்பியோ கம்பமோ அறுந்து சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். மழைமேகம் திரளும்போதே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

2004 சுனாமியில் அந்தமான் துண்டிக்கப்பட்டபோது, போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் ஹாம் ரேடியோ வழியாகவே செய்தி அனுப்பினார். உங்கள் மாடிக் கம்பியும் ஒருநாள் யாருக்காவது உயிர்க்கயிறாகலாம். அக்கறையோடு கட்டுங்கள்.