கழிவிலும் ஒரு விளைச்சல்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடை, பால் ஸ்டோரின் கழிவுநீரைச் சுமந்து வரும். பாலை உறையவைக்க ஊற்றிய அமிலமும், ரப்பரில் சேராமல் தங்கிய புரதமும் சர்க்கரையும் அதில் கலந்திருக்கும். நாற்றம் தாங்க முடியாது. ஆனால், அந்த ஓடை தேங்கி நின்ற குட்டை மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கும். "அழுக்குத் தண்ணீர், காலை வைக்காதே" என்பார் அம்மா. அந்தப் பச்சை என்னவென்று எனக்குப் புரிந்தது, பின்னாளில் ஈப்போவில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றியபோதுதான்.

அது நுண்பாசி. வேரும் தண்டும் இலையும் இல்லாத, பெரும்பாலும் ஒரே உயிரணுவால் ஆன உயிர். சூரிய ஒளி, கரியமிலவாயு, நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவையே அதன் முக்கியத் தேவைகள். உணவு ஆலைகளின் கழிவுநீரில் பின்னிரண்டும் மிகுதி. ஆற்றைக் கெடுக்கும் அதே சத்து பாசிக்கு உரமாகிறது. 1 கிலோ பாசி வளர ஏறக்குறைய 1.8 கிலோ கரியமிலவாயு வேண்டும்.

எங்கள் பால்மரக்காடு இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. 1 டன் செம்பனை எண்ணெய் எடுத்தால் சுமார் இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் வெளியேறும். அது சிதைவதற்கு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் பிராணவாயு தேவை. வீட்டுச் சாக்கடை நீரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு! அப்படியே ஆற்றில் விட்டால் மீன் மூச்சுத் திணறிச் சாகும். ஆகவே 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977இல் விதிகள் வந்தன. அவை படிப்படியாக இறுகி, 1984இல் அந்த அளவு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்றாயின.

இந்தக் கழிவுநீரில் பாசியை நேரே விட்டால் மடிந்துவிடும். ஆலையிலிருந்து வரும்போது அது கொதிநிலையை நெருங்கிய சூட்டுடனும், புளிப்புடனும், ஒளி புகாத பழுப்பு நிறத்துடனும் இருக்கும். முதலில் அதை ஆறவைத்து, காற்றுப் படாத குளங்களில் நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்க வைக்கிறார்கள். அப்போது எரிவாயுவும் கிடைக்கும். செரித்த நீரைத் தெளியவைத்து, நல்ல நீர் கலந்து, ஆழமில்லாத வாய்க்கால்களில் விட்டுத் துடுப்புச் சக்கரத்தால் ஓடச் செய்வார்கள். அங்கேதான் பாசி பெருகும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பாங் சியூ மோய் 1980களிலேயே செரித்த செம்பனைக் கழிவுநீரில் பாசி வளர்த்து ஆராய்ந்தவர். சாகோ மாவு ஆலைக் கழிவுநீரில் சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, வளர்த்த அவர் குழுவின் ஆய்வு 2000இல் வெளியானது. நம் பேராக்கிலும் ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நுண்பாசி ஆய்வுகள் நடந்துள்ளன.

பாசியால் பயன் என்ன? சுருள்பாசியின் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். அதன் நீலச்சாயம் மிட்டாய்களுக்கு நிறமூட்டும். மீன் தீவனம், எண்ணெய், உரம் என வேறு பயன்களும் உண்டு. தடை ஒன்றுதான்: ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் பாசிகூடத் தேறுவது அரிது. அதைப் பிரித்து உலர்த்தவே பெரும் செலவாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கழிவில் வளர்ந்த பாசியை மனித உணவாக்க நினைப்பது ஆபத்து. நீரிலுள்ள நச்சு உலோகங்களைப் பாசி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கிந்தா வட்டாரத்துப் பழைய ஈயக் குட்டைகளில் பாசி எடுப்பதும் கூடாது. தமிழ்நாட்டில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையம் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பகுதியில் சுமார் 5,000 குழந்தைகளுக்குத் தினம் 1 கிராம் சுருள்பாசி கொடுத்து, வைட்டமின் ஏ குறைவைப் போக்க முயன்றது. அது உணவுக்கென்றே வளர்க்கப்பட்ட பாசி. ஆகவே சுருள்பாசி மாத்திரை வாங்குவோர், அது எந்த நீரில் வளர்ந்தது, யார் சோதித்தார்கள் என்று கேட்டறிய வேண்டும்.

அம்மாவின் எச்சரிக்கை சரியானதே. அந்தக் குட்டையில் கால் வைக்கக் கூடாதுதான். ஆனால் அதை உற்றுப் பார்த்துப் படிக்க ஆள் வேண்டும். மருத்துவமும் சட்டமும் மட்டுமே படிப்பென்று எண்ணும் பெற்றோர், உயிர்த்தொழில்நுட்பம் பயில விரும்பும் பிள்ளையையும் ஊக்குவிக்க வேண்டுகிறேன். தோட்டத்து ஓடையின் நாற்றத்தை அறிந்த நம் குடும்பங்களிலிருந்தே அதைத் தூய்மையாக்கும் அறிஞர்களும் வரட்டும்.