புது சூப்பர்வைசர் எங்கே கற்பது?

ஆந்திராவில் உள்ள குப்பம் ஊரின் கிரானைட் பட்டறையாகட்டும், ரயிலில் போய்வரும் பெங்களூரு கம்பெனியாகட்டும், நேற்றுவரை மெஷின் ஓட்டியவரை இன்று சூப்பர்வைசர் ஆக்கிவிடுகிறார்கள். வேலை நன்றாகத் தெரிந்தவருக்கு ஆட்களை வைத்து வேலை வாங்கவும் தெரியும் என்று முதலாளிக்கு ஒரு நம்பிக்கை. அது தானாக வருவதில்லை. எங்கே கற்றுக்கொள்வது?

பழைய மேஸ்திரியோடு சேர்ந்து நிற்பதுதான் எல்லோருக்கும் கிடைக்கும் வழி. பைசா செலவில்லை. எந்த மெஷின் எப்போது மக்கர் செய்யும், சம்பளத்துக்கு மறுநாள் யார் வரமாட்டார் என்பதெல்லாம் எந்த வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள். ஆனால் அவர் கத்தியே வேலை வாங்குபவர் என்றால் அந்தக் கத்தலும் உங்களுக்கு ஒட்டிக்கொள்ளும். குப்பத்தில் இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும் ஊரில், இந்தி மட்டுமே தெரிந்த பையனும் லைனில் வந்து நிற்கிறான். திட்டினால் அவனுக்குப் புரிவது கோபம் மட்டும்தான்.

இரண்டாவது, டி.டபிள்யூ.ஐ. (Training Within Industry) என்ற பயிற்சி முறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக உருவானது. பிறகு ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் வேரூன்றியது. ஒரு பாடத்துக்கு 2 மணி நேர வகுப்புகள் 5, அவ்வளவுதான். வேலையைக் கற்றுக்கொடுப்பதற்கு அதில் நாலு படி: ஆளைத் தயார்செய்வது, செய்து காட்டுவது, அவரைச் செய்யவிடுவது, பிறகும் போய்ப் பார்ப்பது. பாலிஷ் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். கல் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். “புரிஞ்சுதா?” என்றால் புதுப் பையன் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலை நம்பாதீர்கள். அவனையே ஓட்டவிட்டு, “தண்ணி நின்னா என்ன ஆகும்?” என்று கேளுங்கள். கல் சூடாகும், தூசி பறக்கும், அது நுரையீரலுக்குள் போகும் என்று அவன் வாயால், அவனுக்குத் தெரிந்த மொழியில் வந்தால்தான் பாடம் முடிந்தது. வந்தபின்னும் மதியம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மூன்றாவது, பெங்களூரு தும்கூர் சாலையில் உள்ள ஃபோர்மேன் பயிற்சி நிலையம். ஜெர்மனி உதவியோடு 1971இல் ஃபோர்மேன்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் என்றே மத்திய அரசு தொடங்கியது. இப்போது தேசியத் திறன் பயிற்சி நிலையம் என்று பெயர். குப்பத்திலிருந்து ரயிலிலேயே போகலாம். என்னென்ன குறுகிய வகுப்புகள் நடக்கின்றன என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்தக் காசில், சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டாம். கம்பெனியே அனுப்பினால் போங்கள்.

ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளும் இருக்கின்றன. படிப்பது இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். சான்றிதழ் பயோடேட்டாவுக்கு உதவும். லைனில் ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது உதவாது.

என்னைக் கேட்டால், முதல் மூன்று மாதம் மேஸ்திரியிடம் தொழில் நுணுக்கத்தை மட்டும் கற்றுக்கொண்டு, ஆட்களிடம் பேசுவதை டி.டபிள்யூ.ஐ. வழியில் பழகுவது நல்லது. பெங்களூரு பயிற்சி அதற்குப் பிறகு. ஆனால் அதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டியது பதவி உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே. காரணம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வரமாட்டார்; அதில் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு அவருக்கு இருக்காது.