வலி அடங்கும் வரை

"உங்களுக்குப் பொறுமை பிறவியிலேயே இருக்கு மிஸ்" என்று தாய்மார் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. கேட்க இனிமையாக இருந்தாலும் அது உண்மையல்ல. நம் கல்லூரியிலிருந்து மருத்துவமாதுப் பயிற்சிக்குச் செல்ல நினைக்கும் தங்கைமாருக்காகவும், "என் மகள் கொஞ்சம் படபடப்பானவள், சரிவருமா?" என்று கேட்கும் உம்மாமாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் பயிற்சி பெற்ற காலத்தில் ஓர் இரவுக் கடமை. முதற்பிரசவத்துக்கு வந்திருந்த தாயொருவருக்கு வலி உச்சத்தில் இருந்தது. நானோ பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வயது, விலாசம், கடைசி மாதவிடாய்த் திகதி என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி "உம்மா!" என்று கத்தினார். "கத்தாம பதில் சொல்லுங்க" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விடியும் வரை என்னிடம் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. குழந்தை நலமாகப் பிறந்தது. பதிவேட்டிலும் ஒரு பிழையில்லை.

அன்று எனக்கிருந்தது கல்நெஞ்சல்ல, பயம். பதிவேடு நிரம்பாவிட்டால் ஏச்சு விழும் என்ற பயம்.

இப்போது நான் மாணவியருக்குப் பயிற்சி அளிக்கிறேன். முதல் வாரத்திலேயே அவர்களைக் கட்டிலில் படுக்க வைப்பேன். ஒருத்தி படுப்பாள், மற்றவள் எதுவும் பேசாமல் குளிர்ந்த கையை அவள் வயிற்றில் வைப்பாள். படுத்தவள் துள்ளுவாள், வகுப்பே சிரிக்கும். பிறகு அதையே வேறுவிதமாகச் செய்வோம். செய்யப்போவதைச் சொல்லி அனுமதி கேட்பது, கையைத் தேய்த்துச் சூடாக்குவது, தேவையான இடம் தவிர மற்றதைப் போர்வையால் மூடுவது. தாய் வெட்கத்தால் உடலை இறுக்கினால் வயிறும் இறுகும். குழந்தையின் தலை எங்கேயென்று கைக்குப் பிடிபடாது. அன்பாக நடப்பதற்கும் சரியாகப் பரிசோதிப்பதற்கும் இங்கே வேறுபாடில்லை.

குழந்தையின் இதயத்துடிப்பை எண்ணும்போதும் அப்படித்தான். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது வழமை. எண்ணி முடித்ததும் மாணவி எழுதப் போய்விடுவாள். அந்த மௌனத்தில் தாய் எதையெல்லாமோ நினைத்து நடுங்குவாள். "பிள்ளைட துடிப்பு நல்லா இருக்கு" என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? அச்சம் மிகுந்தால் சுரக்கும் அட்ரினலின், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஒக்சிடோசினின் வேலையைத் தடுக்கக்கூடும். உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டலும் மரியாதையான பராமரிப்பையும், தாய் விரும்பும் ஒருவர் அருகிலிருப்பதையும் பரிந்துரைக்கிறது.

மிகக் கடினமான பாடம், குழந்தை இறந்து பிறந்த தாயின் அருகே நிற்பது. மாணவியர் அந்தக் கட்டிலைத் தவிர்த்து வேறு வேலை தேடுவார்கள். "அடுத்த பிள்ளை கிடைக்கும்" என்று சொல்லாதீர்கள் என்பேன். கதிரையை இழுத்துப்போட்டு உட்காருங்கள், அவர் பேசினால் கேளுங்கள். அன்றிரவு அந்த மாணவியோடும் யாராவது உட்கார வேண்டும். தாய்க்கு முன்னால் மாணவியை நான் அதட்டினால், அடுத்த கட்டிலில் அவள் வாயிலிருந்து வருவதும் என் குரலாகத்தான் இருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் எடுத்தன.

அண்மையில் ஒரு காலையில் விடுதிக்குப் போனபோது, ஒரு மாணவி பேனையை மூடி வைத்துவிட்டுக் கட்டிலருகே நின்றாள். என்னைக் கண்டதும் பதறினாள்.

"பதிவேடு பாதியில நிக்குது மிஸ்."

"நிக்கட்டும்" என்றேன். அவளது ஒரு கையைத் தாய் இறுகப் பிடித்திருந்தார்.