பதினைந்து சொன்னார்கள், பத்துதான் வருகிறது

பெரிய எஸ்யூவி வாங்கியவர்கள் முதல் சர்வீஸின்போதே கேட்டுவிடுகிறார்கள்: "லிட்டருக்குப் பதினைந்து தரும்னு போட்டிருந்தாங்க. எனக்குப் பத்தைத் தாண்டலையே, வண்டியில ஏதாவது கோளாறா?" பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. அந்தப் பதினைந்து எப்படிக் கிடைத்தது என்பதை விற்றவர் சொல்லியிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக்கூடங்கள் தரும் எண் அது. வண்டியை உருளைகள்மேல் ஏற்றி 1180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாக ஓட்டுகிறார்கள். மொத்த தூரம் 11 கி.மீ.கூட இல்லை. உச்ச வேகம் 90, சராசரி வேகம் 33-க்கும் கீழே. ஏசி போடுவதில்லை. எல்லா வண்டிக்கும் ஒரே பரீட்சை என்பதால் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். மாதச் செலவுக்குக் கணக்குப் போட உதவாது. அமெரிக்காவில் 2008 மாடல்களிலிருந்து அதிவேகம், ஏசி, கடுங்குளிர் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்துத்தான் ஸ்டிக்கரில் எண் போடுகிறார்கள். வெயிலில் வேகும் நம் ஊருக்கு ஏசி போட்ட சோதனை அதைவிட அவசியம்.

சின்ன காருக்கும் இந்த இடைவெளி உண்டு. பெரிய எஸ்யூவியில்தான் அது கையைக் கடிக்கும் அளவுக்குப் போகிறது. முதல் காரணம் எடை. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை நின்ற இடத்திலிருந்து 50 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர, தோராயமாக 20 மில்லி டீசல் எரிகிறது. அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்தால் அதெல்லாம் பிரேக் தட்டில் சூடாகிப் போய்விடும். இப்படி ஐம்பது முறை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் காலி. ஒரு டன் எடையுள்ள காருக்கு இதில் பாதிதான். காலை நேரத்தில் சென்னை ஓஎம்ஆர் சாலையில் எத்தனை முறை நிற்கிறீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது எந்த மைலேஜ் மருந்தையும்விட நல்ல பலன் தரும்.

ஹைவேயில் எதிரி காற்று. ஆளுயர பீரோவை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காற்றைக் கிழிப்பது போலத்தான் இந்த வண்டிகள் ஓடுகின்றன. 90-இல் போவதைவிட 110-இல் போனால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைத் தள்ள மட்டுமே ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும். சோதனைக்கூடத்தில் வண்டி 90-ஐத் தாண்டுவதே இல்லை என்பதால், இந்தச் செலவு அந்த எண்ணில் ஏறவே ஏறாது. சென்னையிலிருந்து திருச்சிக்கு எங்கும் நிற்காமல் போனால்கூட 110-இல் மிச்சமாவது 40 நிமிடம். கூரையில் பெட்டி மாட்டினால் ஹைவே மைலேஜ் இன்னும் இறங்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிடுங்கள்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒன்று. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் போடும்போது அந்தக் குறைவும் மைலேஜில் தெரியும்.

சரி, உங்கள் வண்டி உண்மையில் என்ன தருகிறது? டேஷ்போர்டில் வரும் சராசரியை நம்பாதீர்கள். அது பல வண்டிகளில் சற்றுக் கூட்டியே காட்டுகிறது. டேங்க் டு டேங்க் பாருங்கள். ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கி, 400 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டிவிட்டு, அதே பங்கில் அதே பம்பில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது பில்லில் உள்ள லிட்டரால் வகுங்கள். நூறு கிலோமீட்டரிலேயே பார்த்தால், நிரப்புவதில் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலே கணக்கு கவிழ்ந்துவிடும். டயரைப் பெரிதாக மாற்றியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சக்கரம் பெரிதானால் மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும். வண்டி தருவதைவிட மைலேஜ் குறைவாகத் தெரிய அதுவும் காரணமாகலாம்.

வாங்கப் போகிறவர்கள் மைலேஜை லிட்டராகத் திருப்பிப் பாருங்கள். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டினால், லிட்டருக்குப் பதினைந்து தரும் வண்டிக்கு 1000 லிட்டர். பத்துதான் தந்தால் 1500. டீசலை 92 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 46,000 ரூபாய் கூடுதல். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: 18 தரும் காரை விட்டு 22 தரும் காருக்கு மாறுவதைவிட, 8 தரும் எஸ்யூவியை விட்டு 10 தருவதற்கு மாறினால் மிச்சம் அதிகம். 1000 கி.மீ.க்கு முதலாவதில் 10 லிட்டர், இரண்டாவதில் 25 லிட்டர். பெரிய வண்டியில் ஒவ்வொரு கிலோமீட்டருக்காகவும் மெனக்கெடுவது வீண்போகாது. மலையும் மண்ணும் ஏறாதவர்களுக்கு ஃபோர் வீல் டிரைவ் தேவையே இல்லை. அந்த எடையைச் சும்மா சுமக்காதீர்கள்.

தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு டீசல் எஸ்யூவியை நான் சொல்ல மாட்டேன். பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசல் செலுத்தும். அது முடிவதற்குள் எஞ்சினை அணைத்துக்கொண்டே இருந்தால் டீசலும் வீண், வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். இவர்களுக்கு ஹைபிரிட் நல்லது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை அது பேட்டரியில் பிடித்துவைத்துக்கொள்ளும்.

வண்டி கைக்கு வந்ததும் மூன்று நான்கு முறை டேங்க் டு டேங்க் கணக்கெழுதி, உங்கள் வழக்கமான எண் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஒப்பிட வேண்டியது அதோடுதான். அதே பாதை, அதே ஆட்கள், ஆனால் பத்து தந்த வண்டி எட்டரைக்கு இறங்கிவிட்டது என்றால், முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அதிலும் குறையில்லை என்றால் பில்களோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, வீல் அலைன்மென்ட் சரியா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.